கமெராக்காரரோடு ஸ்காபுறோ சுற்றினோம்

எம்மவர் பயணக் கட்டுரை எழுதத் தொடங்கினால் பெரும்பாலும் நயாகரா நீர்வீழ்ச்சியில் போய் நிற்பார்கள். இல்லாவிட்டால் பாரிஸ் கோபுரம், அதுவும் இல்லாவிட்டால் இந்தியக் கோயில்கள். நாங்களும் நயாகராவில் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு நனைந்தவர்கள்தான். குறை சொல்லவில்லை. ஆனால் இம்முறை நாங்கள் எழுதப் போவது வேலைக்குப் போய்வருகிற வழியைப் பற்றி. ஒரு பஸ், ஒரு ரயில், பிறகு கொஞ்ச நடை. வருடக்கணக்காக அந்த வழியால் போய்வந்தும் நாங்கள் அதைப் பார்த்ததில்லை. உள்ளூர்ப் பத்திரிகையின் படப்பிடிப்பாளர் ஒருவர் எங்களோடு ஒரு நாள் வந்த பிறகுதான் பார்த்தோம்.

நாங்கள் என்றால் நாலு பேர். 2018ல் ஸ்காபுறோவில், லோறன்ஸ் வீதியும் மார்க்கம் வீதியும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட, ஒரு வீட்டின் பேஸ்மென்றில் இருந்தோம். மூன்று பேருக்கு இருபது சொச்ச வயது. நாலாவது ஆளுக்கு ஐம்பத்தேழு. அவரைப் பெரியண்ணை என்று கூப்பிடுவோம். முல்லைத்தீவுக் கடற்கரையில் தொழில் செய்தவர். நாலு பேரும் ஒரு பக்டரியில் பிளாஸ்ரிக் வாளியும் மூடியும் வார்க்கிற மெசின்களில் நின்றோம். எங்களில் ஒருவரும் ஓ.எல். தாண்டவில்லை. சண்டை தாண்ட விடவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் ஆசிரியர் திருத்திக் கொள்வார் என்ற துணிவில்தான் எழுதுகிறோம்.

நாலு பேரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். 2010 ஆகஸ்ட் 13 அன்று சன் சீ என்ற அந்தக் கப்பல் வன்கூவர் தீவில் உள்ள எஸ்குவைமால்ற் கடற்படைத் துறைக்குக் கொண்டுவரப்பட்டது. அதில் 492 பேர். 380 ஆண்கள், 63 பெண்கள், 49 பிள்ளைகள். அடுத்த நாள் நாடு முழுவதும் பத்திரிகைகளில் படம் வந்தது. தூரத்தில் இருந்து நீண்ட லென்சால் எடுத்த படங்கள். துருப்பிடித்த கப்பல், மேல்தளத்தில் நெருக்கமாகத் தலைகள். அப்படியான ஒரு படத்தைப் பெரியண்ணை பிறகு எங்கேயோ தேடி எடுத்து, மடித்துப் பேர்சில் வைத்திருந்தார். "இந்தப் புள்ளி நான்" என்று விரலால் காட்டுவார். அடுத்த முறை கேட்டால் வேறொரு புள்ளியைக் காட்டுவார். நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

எங்களைப் பத்திரிகையில் போட்டது அந்த ஒரு முறைதான். தொகை இருந்தது. ஆட்கள் இல்லை.

கமெராக்காரரைச் சந்தித்தது 2018 தை மாதத்தில். விடிய ஐந்தரை மணிக்கு, பனி கொட்டிக்கொண்டிருக்கையில், பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். வீதிக்கு அந்தப் பக்கம் ஒருவர் முழங்காலில் இருந்து எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். குடிவரவு ஆட்களோ என்று முதலில் பயந்துவிட்டோம். அவர் கடந்து வந்து, உள்ளூர் வாராந்தப் பத்திரிகையில் வேலை செய்வதாகச் சொல்லி அட்டையைக் காட்டினார். வெள்ளைக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், தாடியில் பனி உறைந்திருந்தது. பெயர் கேட்டார். நாங்கள் சொல்லவில்லை. "பரவாயில்லை, உங்கள் முதுகுதான் தெரிகிறது" என்று சொல்லிப் போய்விட்டார்.

அடுத்த கிழமை அதே நேரம் அதே இடத்துக்கு வந்தார். கையில் பத்திரிகையும் பெரிதாக அச்சடித்த படம் ஒன்றும். பனிக்குள் நாலு முதுகுகள், தோளில் சோத்துப் பைகள். "இது உங்களுடையது" என்று தந்தார். படத்தைக் கொண்டுவந்து தந்த முதல் பத்திரிகைக்காரர் அவர்தான். பெரியண்ணை அதைப் பேஸ்மென்ற் சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

இப்படியே பழக்கம் வந்தது. அவர் கேட்டது இதுதான். பத்திரிகையின் இணையத்தளத்துக்கு இரண்டரை நிமிடத்தில் ஒரு கதை செய்ய வேண்டும். படம், சத்தம், உங்கள் குரல். நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்ல வேண்டும். ஸ்காபுறோவில் முதல் பஸ்சில் போகிறவர்கள் யார் என்று ஸ்காபுறோவில் மற்றவர்களுக்குத் தெரியாது.

பெரியண்ணை உடனே சொல்லிவிட்டார். "தம்பி, என்ரை முகம் வரப்படாது. ஊரிலை மனிசியும் பிள்ளையும் இருக்கினம்." அவரின் வழக்கு அப்போதுதான் முடிந்திருந்தது. குடும்பத்தைக் கூப்பிடுகிற கடதாசி வேலைகள் நடந்துகொண்டிருந்தன. எங்களில் ஒருவன் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிப் புரியவைத்தான். கமெராக்காரர் யோசிக்கவில்லை. "கையைத் தருவீர்களா? குரலைத் தருவீர்களா?" என்று கேட்டார். பெரியண்ணை இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார். தூண்டில் நைலோன் அறுத்த கோடுகள் விரல்களில் இன்னும் இருந்தன. "இதை ஆர் பார்க்கப்போறான், எடுக்கட்டும்" என்றார்.

வைகாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. எங்களில் இரண்டு பேருக்கு ஓவர்ரைம் இருந்தது. விட்டுவிட்டோம்.

காலையில் பேஸ்மென்றுக்கு வந்தார். இரண்டு கமெரா, ஒற்றைக் கால் தாங்கி, சிகரெட் பெட்டி அளவான ஒலிப்பதிவுக் கருவி, சட்டையில் குத்துகிற சின்ன ஒலிவாங்கி. வந்தவர் படம் எடுக்கவில்லை. குசினிக்குள் நின்று காது கொடுத்துக் கேட்டார். பிறகு பிறிஜ்ஜைக் காட்டி, இதை நிற்பாட்டலாமா என்று கேட்டார். அது இரைவது எங்களுக்குக் கேட்பதே இல்லை. நிற்பாட்டினதும் வீடு செத்துப்போனமாதிரி இருந்தது. அப்போது அவர் தன் கார்த் திறப்பை எடுத்துப் பிறிஜ்ஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். "போகும்போது திறப்பைத் தேடுவேன். அப்போது பிறிஜ்ஜைத் திரும்பப் போட நினைவு வரும். உங்கள் மீன் பழுதாகாது" என்றார்.

ஒலிப்பதிவைத் தொடங்கமுதல், ஒருவரும் ஒன்றும் கதையாமல் முப்பது செக்கன் இருக்கச் சொன்னார். அந்தச் சும்மா இருக்கிற சத்தத்தையும் பதிவு செய்தார். ஒவ்வொரு அறைக்கும் ஒரு மௌனம் உண்டாம். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் அந்த மௌனத்தை வைக்காவிட்டால் காதுக்கு வெட்டுத் தெரிந்துவிடுமாம்.

பிறகு முதல் கேள்வி: "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" அது குரலின் அளவைப் பார்க்கிற கேள்வி என்று பிறகு சொன்னார். யாரும் பயப்படாமல் பதில் சொல்லக்கூடிய கேள்வி என்பதால் எல்லாரிடமும் அதையே கேட்பாராம். பெரியண்ணை, பாணும் நேற்றைய மீன்குழம்பும் என்றார். இரண்டாவது கேள்வி, "எப்படி இருக்கிறீர்கள்?" பெரியண்ணை வழமைபோலச் சொன்னார்: "இருக்கிறம்."

அந்தச் சொல்லைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

வீட்டைவிட்டு வெளிக்கிட்டோம். தரிப்பிடத்தில் 54ம் இலக்க பஸ். எங்களுக்கு அது தினமும் நித்திரை கொள்கிற இடம். அவருக்கு அது சத்தங்களின் கடை. கதவு திறக்கிற மூச்சு, அட்டை தட்டுகிற ரிங், மணிக்கயிறு, ஒரு பிலிப்பினோ அம்மா ரெலிபோனில் பிள்ளையை நித்திரையால் எழுப்புகிற சத்தம். படம் எடுப்பதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் தூரத்தில் நின்று பஸ் முழுவதும். பிறகு நடுத்தூரத்தில் ஆட்கள். பிறகு கிட்டப்போய் ஒரு கை, ஒரு சப்பாத்து, மடியில் சோத்துப் பெட்டி. தூரத்துப் படம் எங்கே என்று சொல்லும், நடுப்படம் யார் என்று சொல்லும், கிட்டப்படம் எப்படி இருக்கிறது என்று சொல்லும் என்றார். எங்களைப் பற்றி அதுவரை வந்த படங்களெல்லாம் முதலாம் வகை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

லோறன்ஸ் ஈஸ்ற் நிலையத்தில் ஆர்.ரி. ரயில். ஸ்காபுறோவில் இருந்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறோம். 1985ல் ஓடத் தொடங்கிய சின்ன ரயில். கெனடியில் இருந்து மக்கோவன் வரை ஆறு நிலையம், 6.4 கிலோமீற்றர். நீலப் பெட்டிகள். வளைவில் போகும்போது இரும்பு இரும்பில் அழும். குளிர்காலத்தில் பனி கூடினால் நின்றுவிடும். எங்களுடைய ஏச்சை அது வாங்கியதுபோல வேறெதுவும் வாங்கியிருக்காது. கமெராக்காரர் கடைசிப் பெட்டியில் நின்று, ஒலிவாங்கியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, ஒரு முழு ஓட்டத்தையும் பதிவு செய்தார். இந்த இழவு பிடித்த சத்தம் எதற்கு என்று எங்களில் இளையவன் கேட்டான். "ஒருநாள் இது இருக்காது" என்றார்.

மக்கோவனில் இறங்கி, புறோகிறஸ் அவெனியூப் பக்கம் நடை. உள்ளே படம் எடுக்கப் பக்டரியில் விடவில்லை. அவர் சண்டை பிடிக்கவில்லை. நடைபாதை பொது இடம், அங்கே நின்று எடுக்கலாம் என்று சொல்லி, வேலிக்கு வெளியே இருந்து காற்றாடியின் இரைச்சலையும், பாரவண்டி பின்னுக்கு வருகிற பீப் பீப்பையும், ஷிப்ற் மாறி வருகிறவர்களின் காலடியையும் பதிந்தார். நாங்கள் மூன்று பேர் முகம் காட்டினோம். பெரியண்ணை தன் கையைக் கம்பிவலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவருடைய காரில் ஏறினோம். பின் ஆசனம் முழுக்கச் சாமான்கள். மடிக்கணனி, சாப்பாட்டுப் பொதி, மழைச் சப்பாத்து, மாற்றுச் சட்டை. அலுவலகத்தில் தனக்கு மேசை இல்லை, இந்தக் கார்தான் என்றார். எக்ளிங்ரன் வீதியால் போகும்போது ஒரு கடைத்தொகுதியைக் காட்டினார். அந்த இடத்தில் ஜெனரல் மோட்டர்சின் வான் தொழிற்சாலை இருந்ததாம். அவருடைய தகப்பன் அங்கேதான் வேலை செய்தாராம். 1993ல் மூடப்பட்டது. இப்போது தியேட்டரும் கடைகளும். "தகப்பன் வேலை செய்கிற மாதிரி ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. பிறந்தநாள் படம் இருக்கிறது, நத்தார் படம் இருக்கிறது. வேலைப்படம் இல்லை" என்றார். ஏன் எங்களைத் தேடி விடியப்புறம் வந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

காரிலேயே தன் தொழிலின் கதையையும் சொன்னார். எண்பதுகளில் சேர்ந்தபோது கறுப்பு வெள்ளைப் பிலிம். இருட்டறையில் கழுவி, ஒரு செய்திக்கு ஒரு படம் கொடுத்தால் வேலை முடிந்தது. பிறகு டிஜிற்றல் கமெரா. 2005ல் ஜோ வைஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகைத் துறைக்காரர் சவுண்ட்ஸ்லைட்ஸ் என்றொரு மென்பொருளைச் செய்தார். படங்களை வரிசையாக வைத்து அடியில் குரலைப் போட்டால் இணையத்தில் ஓடும். சிறு பத்திரிகைகளில் இருந்த படப்பிடிப்பாளர்களும் தாங்களாகவே கதை சொல்லத் தொடங்கினார்கள். 2008ல் நிக்கோன் டி90, கனன் 5டி மார்க் 2 என்ற கமெராக்கள் வந்தன. படம் எடுக்கிற அதே கமெரா வீடியோவும் எடுக்கும். அதன்பிறகு படம், ஒலி, வீடியோ, வெட்டி ஒட்டுதல், எழுத்து, தளத்தில் ஏற்றுதல் எல்லாம் ஒரே ஆளின் தலையில்.

"ஒரு சம்பளம், ஐந்து வேலை" என்றார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்டரியில் முன்பு ஒரு மெசினுக்கு இரண்டு பேர். நாங்கள் நின்ற காலத்தில் இரண்டு மெசினுக்கு ஒரு ஆள்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றையும் சொன்னார். சிக்காகோ சண் ரைம்ஸ் பத்திரிகை 2013 மே 30 அன்று தன்னிடம் இருந்த 28 படப்பிடிப்பாளர்களையும் ஒரே நாளில் நிற்பாட்டியது. 1982ல் புலிற்சர் பரிசு வாங்கிய ஜோன் எச். வைற் என்பவரும் அதில் ஒருவர். நிருபர்களுக்கு ஐபோனில் படம் எடுக்கப் பழக்கினார்கள். கப்பல் படத்தில் நாங்கள் புள்ளிகளாக நின்றோம். அவருடைய தொழிலும் யாரோ ஒருவரின் கணக்குப் புத்தகத்தில் புள்ளியாகத்தான் இருந்திருக்கிறது.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் ரொட் ஹைஸ்லர் என்ற படப்பிடிப்பாளர் 2009ம் ஆண்டு முழுவதும் கிழமைக்கு ஒருவராக நியூயோர்க்கின் சாதாரண ஆட்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். ஒவ்வொருவரும் தன் கதையைத் தன் குரலிலேயே சொல்வார். எண்பது லட்சம் பேரில் ஒருவர் என்று கருத்துவரும் தலைப்பு. மொத்தம் 54 கதை. 2010ல் எமி விருதும் கிடைத்தது. எங்கள் கமெராக்காரர் ஒன்றிரண்டை மடிக்கணனியில் போட்டுக் காட்டினார். பாதி விளங்கவில்லை, ஆனால் குரல் விளங்கியது. "அது பெரிய பத்திரிகை, குரல் எடுக்க வேறு ஆள், அமைக்க வேறு ஆள். நான் ஹொக்கிப் போட்டிக்கும் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கும் நடுவில் தனியாகச் செய்கிறேன். ஸ்காபுறோவில் ஆறு லட்சத்துக்கு மேல் சனம். எத்தனையைச் செய்வேனோ தெரியாது" என்றார்.

பின்னேரம் பிறிம்லி வீதியால் இறங்கி ஏரிக்கரைக்குப் போனோம். ஸ்காபுறோ மலைமுகப்பு என்று இந்தக் கரையைச் சொல்லலாம். ஏரியோடு ஒட்டிப் பதினைந்து கிலோமீற்றர் தூரத்துக்கு மண்சுவர்போல நிற்கும். உயர்ந்த இடத்தில் 90 மீற்றர். 1793ல் இங்கு வந்த ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோ, இங்கிலாந்தில் உள்ள ஸ்காபுறோவின் கரை நினைவுக்கு வர, இந்த இடத்துக்கும் அந்தப் பெயரை வைத்தார். அவர் நாட்குறிப்பு எழுதியவர், பார்த்த இடங்களை நீர்வர்ணத்தில் வரைந்து வைத்தவர். அவருக்கு முன்பும் இங்கே ஆதிக்குடிகள் இருந்தார்கள். ஊர்ப்பெயரைத் தூக்கிக்கொண்டு வருகிற பழக்கம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல என்று கண்டோம்.

பெரியண்ணை தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தார். கப்பலுக்குப் பிறகு அவர் அப்படித்தான். கமெராக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. ஒலிப்பதிவுக் கருவியை அலைப்பக்கம் வைத்துவிட்டுத் தூரமாய்ப் போய் இருந்தார். கனநேரம். பெரியண்ணை தானாகவே திரும்பினார்.

"உப்பு மணம் இல்லாத கடல்" என்றார். பிறகு காற்று எந்தப் பக்கம், இந்தக் காற்றுக்கு எங்கடை கரையில் எந்த மீன் படும், எந்த வலை போடுவார்கள் என்று சொல்லத் தொடங்கினார். சட்டைப்பையில் பக்டரியில் வாளி கட்டுகிற நைலோன் கயிற்றுத் துண்டு ஒன்று இருந்தது. அதை எடுத்து, பெருவிரலில் கொழுவி, வலைக் கண் பின்னிக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று கண். கதை ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கமெராக்காரர் எப்போது கிட்ட வந்தார் என்று எங்களுக்கே தெரியாது. முழங்காலில் இருந்து அந்தக் கைகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

இரவு ஒரு கோப்பிக் கடையில் வைத்துத் தொடங்கிய வெட்டி ஒட்டும் வேலை மூன்று இரவுகள் நடந்தது. எங்களுக்குத் தெரிந்த கல்யாண வீடியோவில் முதலில் படம், பிறகு பாட்டு. இவர் மாறிச் செய்தார். முதலில் குரலை மட்டும் கேட்டார். ஒரு மணித்தியாலத்துக்கு மேலான கதையில் இருந்து இரண்டரை நிமிடத்தைப் பொறுக்கினார். குரல்தான் முள்ளந்தண்டு, படம் சதை என்றார். எண்ணூறு படத்தில் முப்பத்திரண்டு மட்டும் எடுத்தார்.

தமிழ்க் குரலுக்கு அடியில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எங்களில் ஆங்கிலம் கொஞ்சம் கூடத் தெரிந்தவன் பக்கத்தில் இருந்தான். எல்லாம் ஒருமாதிரி முடிந்தது. "இருக்கிறம்" என்ற சொல்லில் நின்றுவிட்டது. நன்றாக இருக்கிறோம் என்று போட்டால் பொய். உயிரோடு இருக்கிறோம் என்று போட்டால் அழுகிற கதை. ஏதோ சமாளிக்கிறோம் என்று போட்டால் முறைப்பாடு. எங்கடை ஆட்கள் அந்த மூன்றையும் சேர்த்துத்தானே சொல்வார்கள்? ஒருவரிடம் கேட்டால்கூட, எல்லாரையும் சேர்த்து "இருக்கிறம்" என்றுதானே பதில் வரும்? இதை விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. கடைசியில் கமெராக்காரர் மொழிபெயர்ப்பை அழித்துவிட்டு, அந்தச் சொல்லின் சத்தத்தையே ஆங்கில எழுத்தில் போட்டார். அதோடுதான் கதை தொடங்கும். 2 நிமிடம் 40 செக்கன். கடைசிப் படம் கைகளும் மூன்று வலைக் கண்ணும்.

கதை தளத்தில் வந்தபோது எங்கடை ஆட்களிடம் இருந்து ஏச்சும் வந்தது. "பேஸ்மென்றையும் பழைய சப்பாத்தையும் ஏன் வெள்ளைக்காரனுக்குக் காட்டுறியள்? கோயில் இருக்கு, டொக்ரர்மார் இருக்கினம், அதைக் காட்டலாமே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அதிலும் நியாயம் இருக்கிறது. டொக்ரர்மாரையும் எடுக்கட்டும். ஆனால் அந்த டொக்ரர்மாரின் தாய் தகப்பனும் ஒரு காலத்தில் முதல் பஸ்சில்தான் போயிருப்பார்கள். அதை மறைத்தால் பிள்ளைகளுக்கு வழி தெரியாமல் போய்விடும்.

கதை வந்து இரண்டு கிழமையால் நடந்தது இது. விடியற்காலை பஸ்சில் ஏறும்போது ஜமேக்கா நாட்டுச் சாரதி, அதுவரை தலையாட்ட மட்டும் செய்தவர், பெரியண்ணையின் கையைப் பார்த்துவிட்டு, "இருக்கிறம்?" என்று கேட்டார். பெரியண்ணை அன்று முழுவதும் மெசினில் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றார்.

கமெராக்காரர் எங்கள் நாலு பேருக்கும் ஆளுக்கொரு யு.எஸ்.பி. தடி தந்தார். "தளத்தை நம்பாதீர்கள். நான் 2007ல் இருந்து ஃபிளாஷ் முறையில் செய்த கதைகள் சீக்கிரம் ஓடாமல் போகப்போகின்றன. வீட்டில் வையுங்கள்" என்றார். அவர் சொன்னபடியே 2020 டிசம்பர் 31 அன்று அடோபி நிறுவனம் ஃபிளாஷைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12க்குப் பிறகு அது ஓடவே இல்லை. உலகம் முழுவதும் உள்ளூர்ப் பத்திரிகைகள் அப்படிச் செய்து வைத்திருந்த எத்தனையோ பேரின் குரல், யாராவது வேறு முறைக்கு மாற்றி வைத்திராவிட்டால், அதோடு வாயை மூடிக்கொண்டது.

2021 மாசியில் பெரியண்ணை கோவிட்டில் போய்விட்டார். முதலில் பக்டரியில் வந்தது, பிறகு பேஸ்மென்றுக்கு வந்தது. எங்களுக்குச் சுகமானது, அவருக்குச் சுகமாகவில்லை. பத்துப் பேருக்கு மேல் செத்தவீட்டுக்கு விடாத காலம். மனைவியும் மகளும் முல்லைத்தீவில் ரெலிபோனில் பார்த்தார்கள். அவர் வெளிக்கிடும்போது ஆறு வயதாக இருந்த பிள்ளைக்கு அப்போது பதினேழு.

செலவெல்லாம் முடிந்து எட்டுக்குப் பிறகு அந்த 2 நிமிடம் 40 செக்கனை அனுப்பினோம். முகம் இல்லையே என்று எங்களுக்கு மனவருத்தம். முகத்தையும் எடுத்திருக்கலாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம். இரண்டு நாள் கழித்து மகள் கதைத்தாள். "மாமா, அப்பாவின்ரை முகத்தை வீடியோக் கோலிலை ஒவ்வொரு ஞாயிறும் பார்த்தனான். அப்பா வலை பின்னுறதை நான் சின்னனிலைதான் பார்த்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும்." பிறகு ஒரு கேள்வி கேட்டாள். அத்தனை வருடம் கோலில் கதைத்ததில் ஏதாவது பதிந்து வைத்திருக்கிறீர்களா என்று. இல்லை. ஒவ்வொரு ஞாயிறும், பத்து வருடத்துக்கு மேல், ஒரு சொல்லும் மிச்சமில்லை. உள்ளது இவ்வளவும்தான்.

2023 ஜூலை 24 அன்று ஆர்.ரி. ரயிலின் கடைசிப் பெட்டி எல்ஸ்மியர் நிலையத்துக்குக் கிட்டத் தடம் புரண்டது. அந்த வருடக் கடைசியில் நிற்பாட்ட இருந்த ரயில் அன்றோடு நின்றுவிட்டது. இப்போது அந்த இரும்பு அழுகிற சத்தத்தைக் கேட்க வேண்டுமென்றால் நாங்கள் யு.எஸ்.பி. தடியைத்தான் போட வேண்டும். அதே வருடம் செப்டெம்பர் 15 அன்று, ஒன்ராறியோவில் உள்ளூர் வாராந்தப் பத்திரிகைகளை நடத்திய மெற்றோலண்ட் நிறுவனம் எழுபதுக்கு மேற்பட்ட பத்திரிகைகளின் அச்சுப் பதிப்பை நிறுத்தியது. 605 பேருக்கு வேலை போனது. எங்கள் கமெராக்காரர் அதற்கு முதலே தொழிலை விட்டுவிட்டார். பெரியண்ணையின் ஆண்டுத் திவசத்துக்கு வந்து, சுவரில் இருந்த நாலு முதுகுப் படத்தின் முன்னால் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்.

ஆகவே வாசகர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள். இனிமேல் விடியப்புறம் பஸ் தரிப்பிடத்துக்கு ஒரு கமெராக்காரர் வருவார் என்று காத்திருக்க முடியாது. உங்கள் வீட்டில் அம்மாவோ அப்பாவோ, பெரியம்மாவோ இருப்பார். உங்கள் பையில் ரெலிபோன் இருக்கிறது. அவர் செய்தது பெரிய வித்தை இல்லை, பொறுமை. வேலை செய்கிற கையைக் கிட்டப்போய் எடுங்கள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று தொடங்குங்கள். பிறகு நீங்கள் கதைக்காதேங்கோ. முகம் காட்டப் பயந்தால் வற்புறுத்த வேண்டாம், குரல் போதும். பெயர், ஊர், திகதி எழுதி, மூன்று இடத்தில் வையுங்கள்.

தொடங்கமுதல் பிறிஜ்ஜை நிற்பாட்டுங்கள். கார்த் திறப்பை உள்ளே வைக்க மறக்காதேங்கோ.